கொட்டகைக்குள் ஓர் இயற்பியல் ஆசிரியர்



"சார், அப்படி நடக்குமா?" புதிய படம் ஒன்று வெளிவந்த வாரத்தில் என் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி இது. "படிக்கிற வேளையில் சினிமாப் பேச்சா?" என்று இக்கேள்வியை அடக்கிவிடும் ஆசிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்லன். பாடப் புத்தகத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்துவிட்டு "அப்படி நடக்குமா?" என்று கேட்ட மாணவன் ஒருவனையும் இதுவரை நான் பார்த்ததில்லை. திரைப்படம்தான் அவனைக் கேட்க வைக்கிறது. கேட்க வைத்த அளவில் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, பதிலைக் கரும்பலகையில் தேடுவதே என் வழக்கம்.

நான் பெரிய சினிமா ரசிகன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள் பார்ப்பேன். அவற்றிலும் பாதி, வீட்டில் மற்றவர்கள் பார்க்கும்போது கூட உட்கார்ந்து பார்ப்பவை. நடிப்பு, ஒளிப்பதிவு, இசை ஆகியவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வரும் ஒருவனுக்குச் சில படங்களைப் பற்றி மனத்தில் தோன்றியதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல உரிமை உண்டல்லவா?

சண்டைக் காட்சியிலிருந்து தொடங்குவோம். 1995-இல் வந்த 'பாட்சா'வை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகர் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். அடியாள் பறந்து போய் விழுகிறான். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அடியாளின் நிறை 70 கிலோகிராம் என்றும், அவன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பறக்கிறான் என்றும் வைத்துக்கொள்வோம். அவன் பெற்ற உந்தம் 420 அலகு. இதே அளவு உந்தம் எதிர்த் திசையில் கதாநாயகருக்கும் கிடைத்தாக வேண்டும். அவரைத் தாங்கிப் பிடிப்பது எது? காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான். அவரும் 70 கிலோகிராம் என்றால் அவர் எடை சுமார் 686 நியூட்டன். நல்ல ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் உராய்வு விசை அதற்கு மேல் போவது கடினம். குத்து நீடிப்பது வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் உராய்வு அவருக்குக் கொடுக்கக்கூடிய உதவி வெறும் 34 அலகு. மீதி 386 அலகு உந்தத்தை என்ன செய்வது? நின்ற இடத்தில் நின்றபடி குத்தியவர், வினாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் பின்னால் பறக்க வேண்டியதுதான்! ஒருவர் கிழக்கே, மற்றவர் மேற்கே.

அப்படியானால் அந்தப் படம் பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். மிகவும் பிடித்தது. கொட்டகையில் இருக்கும் யாரும், நான் உட்பட, அந்தக் காட்சியை உண்மை என்று எண்ணிக் கைதட்டவில்லை. தெருக்கூத்தில் பீமன் மரத்தைப் பிடுங்கினால் மரத்தின் நிறை என்ன என்று யார் கேட்கிறார்கள்? இது கதை என்பதை எடுத்தவரும் அறிவார், பார்ப்பவரும் அறிவார். இத்தகைய பொய்யால் எவருக்கும் நட்டமில்லை. எனக்குக் கோபம் வருவது வேறொரு வகைப் பொய்யிடம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

விண்வெளிப் படங்கள் எனக்குத் தனி ஆசை. நம் தமிழில் 1963-ஆம் ஆண்டிலேயே 'கலை அரசி' என்று ஒரு படம் வந்துவிட்டது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, ஆனால் இசை இல்லை. ஆகவே அங்கிருந்து ஒருவன் பறக்கும் தட்டில் வந்து, நன்றாகப் பாடும் பெண்ணொருத்தியைத் தூக்கிச் செல்கிறான். யூரி ககாரின் விண்ணுக்குப் போய்வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் நாட்டின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதும் அதே 1963-இல்தான், நவம்பர் 21-ஆம் நாள். படத்தில் இயற்பியல் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தாலும் விஞ்ஞானம் மிகுந்த உலகத்துக்கு நம்மிடமிருந்து வேண்டியிருப்பது பாட்டு என்ற கற்பனை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படங்களில் வேற்றுக் கிரகத்தார் பெரும்பாலும் நம்மைக் கொல்லத்தானே வருகிறார்கள்!

ஆங்கிலப் படங்களில் ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யைப் பாதியில் தூங்காமல் பார்ப்பது கடினம். ஆயினும் விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே ஒலி இல்லை என்னும் எளிய உண்மையை அந்தப் படம் மதித்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் வெற்றிடத்தில் விண்கலங்கள் 'டமார்' என்று வெடிக்கின்றன. 2013-இல் வந்த 'கிராவிட்டி' மீண்டும் அமைதியைக் கொண்டுவந்தது. விண்நிலையம் ஒன்று சிதறுவதைச் சத்தமே இல்லாமல் பார்க்கும்போதுதான் பயம் கூடுகிறது. நான் பார்த்த விண்வெளிப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. அதிலும் குறை உண்டு. ஹபிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்நிலையத்துக்கு முதுகில் கட்டிய உந்துகலத்தின் துணையால் போய்விடுகிறார்கள். ஹபிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது. விண்நிலையத்தின் பாதை 51.6 பாகை சாய்ந்தது. உயரத்திலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு. பாதையின் சாய்வை அந்த அளவு மாற்றுவதற்கு மட்டும் வினாடிக்கு சுமார் 3 கிலோமீட்டர் வேக மாற்றம் தேவை. காஞ்சிபுரத்திலிருந்து காசிக்குச் சைக்கிளில் ஒரே மூச்சில் போவது போன்ற செயல் அது. இன்னொன்று: கதாநாயகி அழும்போது கண்ணீர்த் துளி பிரிந்து மிதந்து வருகிறது. பார்க்க அழகு. உண்மையில் அங்கே கண்ணீர் கண்ணை விட்டுப் பிரியாது. பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே ஒரு நீர்க் குமிழாக ஒட்டிக்கொள்ளும். கிறிஸ் ஹேட்ஃபீல்டு என்னும் கனடா நாட்டு விண்வெளி வீரர் அதே 2013-இல் விண்நிலையத்தில் இருந்தபடி தம் கண்ணில் நீர்விட்டு இதைச் செய்து காட்டினார்.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) பற்றி எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். அதில் கருந்துளைக்கு அருகிலுள்ள கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழாண்டுகள் ஓடிவிடும். இது கட்டுக்கதை அன்று. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு வினாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் கைபேசி காட்டும் வழி தப்பிவிடும். அந்தப் படத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கிப் தார்ன். 2017-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ஏழாண்டு என்ற அளவு வர வேண்டுமானால் அந்தக் கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழல வேண்டும். இயற்கையில் அப்படி ஒன்று இருப்பது அரிது. ஆனால் விதி அதைத் தடுக்கவில்லை. கடைசியில் புத்தக அலமாரிக்குப் பின்னால் நடக்கும் விவகாரம் எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் பார்த்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் 2018-இல் 'டிக் டிக் டிக்' எடுத்தார்கள். சிறுகோள் ஒன்று பூமியை நோக்கி வருகிறது; அணு ஆயுதத்தால் அதைத் தகர்க்க ஒரு குழு விண்ணுக்குப் போகிறது. துணிச்சலான முயற்சி. கதை முழுவதும் கடைசி நேர ஓட்டம்தான். உண்மையில் சிறுகோளை விலக்கக் கடைசி நேரம் உதவாது. முன்கூட்டியே மெல்லத் தட்டிவிடுவதுதான் வழி. 2022 செப்டம்பர் 26-இல் அமெரிக்காவின் 'டார்ட்' விண்கலம் 'டைமார்ஃபஸ்' என்னும் சிறு பாறையில் வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. மோதலால் பாறையின் வேகம் மாறியது வினாடிக்கு மூன்று மில்லிமீட்டர் கூட இல்லை. எறும்பு ஊரும் வேகத்துக்கும் குறைவு! இந்தச் சிறு தட்டால் என்ன பயன் என்று எண்ணாதீர்கள். ஒரு சிறுகோளின் வேகத்தை வினாடிக்கு 2 சென்டிமீட்டர் மாற்றிவிட்டுப் பத்தாண்டுகள் காத்திருங்கள். நேர்கோட்டுக் கணக்காகப் பார்த்தால்கூட அது 6,300 கிலோமீட்டர் விலகிவிடும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆனால் பத்தாண்டுகள் பொறுமையாகக் காத்திருப்பதைப் படமாக எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று தயாரிப்பாளர் கேட்பது நியாயம்தான்.

காலப் பயணப் படங்களில் 'இன்று நேற்று நாளை' (2015) நன்றாக இருந்தது. காலயந்திரம் இயலாத ஒன்றாகவே இருக்கட்டும். தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்பட்டு நடந்தது அந்தப் படம். நேற்றில் ஒன்றை மாற்றினால் இன்று வேறொன்று கெடுகிறது. வடிவகணிதத்தில் ஓர் எடுகோளை வைத்துக்கொண்டு மேலே போவதில்லையா, அதைப் போல.

'எந்திரன்' (2010) பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி காந்தக் காட்சியைப் பற்றியது. எந்திர மனிதன் சிட்டி தன்னைக் காந்தமாக்கிக்கொண்டு சுற்றியிருக்கும் அரிவாள் கத்திகளையெல்லாம் இழுத்துக்கொள்கிறான். காந்தத்தின் பிடி தொலைவில் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை நீங்கள் ஆணியும் காந்தத் துண்டும் கொண்டு விளையாடும்போதே கண்டிருப்பீர்கள். காந்தத்தின் அளவோடு ஒப்பிடத் தொலைவு மிகுதியாக இருக்கும்போது, தொலைவை இரண்டு மடங்காக்கினால் இரும்புத் துண்டின் மீதுள்ள விசை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே கையெட்டும் தூரத்தில் கத்தியைப் பறிப்பது ஒன்று. தெருக்கோடியிலிருந்து பறிப்பது வேறு. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவிக்கு அருகே இரும்பு நாற்காலியைக் கொண்டுபோனால் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அந்த அறைக்குள் நடப்பது அறைக்கு வெளியே நடப்பதில்லை. நம் ஊர் மாணவி ஒருத்தி இன்னும் நல்ல கேள்வி கேட்டாள்: "சிட்டி காஞ்சிபுரம் கல்யாண வீட்டுக்கு வந்தால் பட்டுச் சேலையில் உள்ள ஜரிகையும் பறந்து போகுமா?" போகாது. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கப் பூச்சு ஏற்றியது. வெள்ளியையும் தங்கத்தையும் காந்தம் இழுப்பதில்லை. மட்டமான ஜரிகையில் செம்புதான் இருக்கும், அதையும் இழுப்பதில்லை. ஆகவே காந்தத்தை வைத்து ஜரிகையின் தரத்தைச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி நான் முன்னே சொன்ன வேறு வகைப் பொய்க்கு வருகிறேன். 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' நம் ஊரைப் பற்றியது. பல்லவ நாட்டு இளவரசர் போதிதருமர் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போய் மருத்துவமும் தற்காப்புக் கலையும் கற்பித்தார். அவருடைய வழிவந்த இளைஞன் ஒருவன் இன்று சர்க்கசில் வேலை செய்கிறான். மரபணு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவனுடைய டி.என்.ஏ.வில் உறங்கிக் கிடக்கும் போதிதருமரின் ஆற்றலைத் தட்டி எழுப்புகிறாள். இதுதான் கதை. படம் வந்தபோது நம் ஊரில் இருந்த பெருமிதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நம் ஊர்க்காரரை நமக்கே தெரியாமல் வைத்துவிட்டார்களே!" என்று மாணவர்கள் ஆத்திரத்தோடு பேசினார்கள். எனக்கும் ஊர்ப்பற்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதிய ஊர் இது; பௌத்தம் செழித்திருந்த ஊர்.

வரலாறு என் துறை அன்று. என்றாலும் இவ்வளவு சொல்லலாம். போதிதருமரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547-ஐச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. சற்றுப் பின் வந்த இன்னொரு குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிற்கால மரபில் சேர்கிறது. ஷாவோலின் சண்டைக் கலைக்கு அவரே மூலவர் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17-ஆம் நூற்றாண்டுக்கு முன் காணப்படவில்லை. அவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பதைப் படம் 'இருந்தார்' என்று சொல்லிவிட்டது.

டி.என்.ஏ. விவகாரத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. முதலில் ஒரு கணக்கு. உங்களுக்குத் தாய் தந்தையர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர். தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால் 1,500 ஆண்டுகளில் 50 தலைமுறை. இரண்டை 50 முறை பெருக்கிப் பாருங்கள். ஒன்றுக்குப் பின் 15 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணைவிடப் பெரிதாக வரும். இன்று உலகில் வாழும் மக்கள் தொகையே 800 கோடிதான்! அத்தனை முன்னோர் எப்படி இருந்திருக்க முடியும்? ஒரே ஆளே பல வழிகளில் உங்களுக்கு முன்னோராக வந்திருக்கிறார் என்பதுதான் விடை. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்துகொள்ளும் நம் வழக்கத்தில் இது இன்னும் கூடுதல். மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதை அந்த மாபெரும் எண்ணால் வகுத்தால், ஒரு வழியில் வந்த முன்னோர் ஒருவரிடமிருந்து உங்களுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஓர் எழுத்தின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. டி.என்.ஏ. துண்டு துண்டாகவே இறங்குகிறது. அரை எழுத்து, கால் எழுத்து என்று இறங்குவதில்லை. ஆகவே அத்தனை தொலைவில் இருக்கும் முன்னோரில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து உங்களுக்கு ஒன்றுமே வந்திருக்காது. தந்தை வழியில் மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் இதற்கு விலக்கு. ஆனால் அதில் உள்ள மரபணுக்கள் மிகச் சில. மருத்துவமும் மல்யுத்தமும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே முக்கியம். ஒருவர் வாழ்நாளில் கற்றுக்கொண்டது டி.என்.ஏ.வில் ஏறுவதில்லை. இதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். நம் நாட்டில் எத்தனை நூறு தலைமுறைகளாகக் குழந்தைகளுக்குக் காது குத்துகிறோம்! இன்றுவரை ஒரு குழந்தையாவது காதில் ஓட்டையோடு பிறந்ததுண்டா? கம்மாளர் நம் வீட்டுக்கு வந்துதான் தீர வேண்டியிருக்கிறது. காதில் போட்ட ஓட்டையே இறங்கவில்லை என்றால், கற்ற வித்தை மட்டும் எப்படி இறங்கும்?

'சினிமாதானே, இதற்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்பீர்கள். பறக்கும் அடியாளைப் போல இதையும் விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. முன்னோரின் திறமை நம் இரத்தத்தில் உறங்குகிறது என்று கேட்க இனிக்கிறது. அதைத் திருப்பிப் பாருங்கள். முன்னோர் இளவரசராக இல்லாதவன் என்ன செய்வான்? அவன் இரத்தத்தில் எது உறங்கும்? எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். "நெசவு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது சார், கணக்குத்தான் வரமாட்டேன் என்கிறது" என்று ஒருவன் சொல்லக் கேட்டேன். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அவனை யார் அப்படி நம்ப வைத்தார்கள்? அவன் வீட்டில் நெசவு எப்படி வந்தது என்று விசாரித்தேன். ஏழு வயதில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளிக் கொடுத்தான். அறுந்த இழையைப் பிணைத்தான். பதினைந்து வயதில் குழித்தறியில் இறங்கினான். எட்டாண்டுப் பயிற்சி! நாள்தோறும் அத்தனை மணி நேரம் கணக்குக்குக் கொடுத்திருந்தால் கணக்கும் 'இரத்தத்தில்' வந்திருக்கும். உடலமைப்பு, பார்வை, உயரம் போன்றவற்றில் மரபுக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாவு ஓட்டுவதற்கும் பின்னம் போடுவதற்கும் மரபணு தனித்தனியாக வைத்துக்கொண்டு எந்தச் சாதியும் பிறப்பதில்லை. இதற்கு மாறாக நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லும் எந்தப் படத்தையும், எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும், என்னால் ரசிக்க முடியவில்லை.

'2.0' (2018) படத்திலும் இதே குறைதான், அளவு சற்றுக் குறைவு. கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று மனம் நொந்த பறவையியலாளர் இறந்தபின் ஆவியாக வந்து கைபேசிகளைப் பறிக்கிறார். ஆவி கதை, அது போகட்டும். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அணுகுண்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒளியும் கதிர்வீச்சுத்தான். ஃபோட்டானின் ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கைபேசி அலையின் அதிர்வெண் சுமார் வினாடிக்கு 200 கோடி. பச்சை ஒளியின் அதிர்வெண் அதைப் போல் ஏறத்தாழ 2,75,000 மடங்கு. மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கப் பச்சை ஒளியே பெரும்பாலும் போதாது என்றால் கைபேசி அலை எம்மாத்திரம்? அது செய்யக்கூடியது சூடாக்குவது. கோபுரத்திலிருந்து நம்மை வந்தடையும் அளவில் அந்தச் சூடும் அற்பம்.

அதற்காக, மின்காந்த அலை பறவைகளை ஒன்றுமே செய்யாது என்று நான் சாதிக்க மாட்டேன். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நகரத்து மின்கருவிகள் உமிழும் மின்காந்த இரைச்சல், இடம்பெயரும் ராபின் பறவையின் திசையறியும் காந்த உணர்வைக் குழப்புகிறது என்பது அது. ஆனால் அந்த இரைச்சல் கைபேசியின் அலைவரிசைக்கு மிகவும் கீழே, வானொலியின் மத்திய அலைப் பக்கம். நம் சிட்டுக்குருவியோ இடம்பெயர்வதில்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஓட்டு வீட்டு இறவாரத்திலும் சட்டப் பலகை இடுக்கிலும் கூடு கட்டிய குருவிக்கு, மொட்டை மாடி வீட்டில் இடம் ஏது? குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி ஏது? கோபுரத்தைத் திட்டுவது எளிது. நம் வீட்டுச் சுவரைத் திட்டுவது கடினம். அந்தப் படத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்துத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. அதை நான் ஏற்கவில்லை. தவறான படத்துக்குப் பதில் தடை அன்று. ஒரு பக்கம் படம் ஓடட்டும், மறுபக்கம் வகுப்பில் கணக்கு ஓடட்டும்.

கடைசியாக, விஞ்ஞானி ஒருவர்கூடத் தலைகாட்டாத ஒரு படம். பிரியதர்சன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் நடித்து 2008-இல் வந்த 'காஞ்சிவரம்'. சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது பெற்றது. சுதந்திரத்துக்கு முந்திய காலம். வேங்கடம் என்னும் நெசவாளி, தன் மகளைப் பட்டுச் சேலை கட்டிக் கல்யாணம் செய்து கொடுப்பதாக வாக்களிக்கிறான். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்பவனுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்க வழியில்லை. ஆகவே முதலாளியின் தறியிலிருந்து தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே வருகிறான். இரவில் மறைவாகத் தன் வீட்டில் நெய்கிறான்.

வழக்கம்போல் 'அப்படி நடக்குமா?' என்று கேட்டுக்கொண்டேன். ஜரிகை நீங்கலாக ஒரு சேலைக்கு அரைக் கிலோ பட்டு என்று கொள்வோம். வாயில் பேச்சுத் தடுமாறாமல் அடக்கக்கூடியது இரண்டு கிராம் என்றால் 250 நாள் வேலை. ஓராண்டுக்குள் முடியும்! சரி, முதலாளி விடுவாரா? அவர் நூலை நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்குபவர். ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் என்றால் அதில் 30 கிராம் குறைந்தாக வேண்டும். இங்கேதான் பட்டின் குணம் வேங்கடத்துக்குத் துணை நிற்கிறது. பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் முப்பது விழுக்காடு வரை ஈரம் ஏறினாலும் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈரம் ஐந்து விழுக்காடு கூடினாலே அரைக் கிலோவில் 25 கிராம் ஏறிவிடும். வறண்ட நாளில் நிறுத்துக் கொடுத்த நூல், மழை நாளில் சேலையாகத் திரும்பும்போது திருட்டை ஈரம் மூடிவிடும். ஐரோப்பாவில் பட்டு வணிகர்கள் இதனால் ஏமாந்து ஏமாந்து, பட்டை உலர்த்தி எடை பார்க்கத் தனி நிலையங்களையே வைத்தார்கள். இன்றும் 100 கிராம் உலர்ந்த பட்டுக்கு 11 கிராம் ஈரம் என்பதைப் பொதுக் கணக்காக வைத்தே வாணிபம் நடக்கிறது.

வாயிலிருந்து எடுத்த நூல் எவ்வளவு ஈரத்தோடு இருந்திருக்கும், அதை அவன் இரவில் எப்படி உலர்த்தியிருப்பான் என்பதெல்லாம் படம் பார்க்கும்போது என் மனத்தில் ஓடவில்லை. அழுதுகொண்டிருந்தேன். கணக்கு மறுநாள்தான் வந்தது.

உங்கள் வீட்டில் தறி இருந்தால் கழிவுப் பட்டு நூல் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். முதலாளி கொடுத்த நூலைத் தொட வேண்டாம்! நகைக் கடைத் தராசு போன்ற நுட்பமான தராசு ஒன்றைப் பள்ளியில் கேட்டு வாங்கி, சித்திரை மாத நண்பகலில் ஒரு முறையும் ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் அந்த நூலை நிறுத்துப் பாருங்கள். இரண்டு எடைகளையும் அன்றைய தேதியோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி இதழுக்கு அனுப்புங்கள்.